வெந்தயக் களியும் ஒரு பரிசோதனை அறிக்கையும்

பால்குடிக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வரும் பெண் மீதைல் அயோடைடு என்ற நச்சுத் திரவத்தின் பாட்டிலைத் திறக்கலாமா?

போன மாதம் நான் நம் வேதியியல் துறைக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் படிக்கட்டில் என்னை நிறுத்தி இதைக் கேட்டார். "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன். யோசித்தேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஒருமுறை நான் அதைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயதாகவில்லை. இரண்டாவதாகப் பையன் பிறந்ததும் வேலையை விட்டேன். அவன் இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கிறான். "புதுசா வந்தவங்களுக்கு ஏதாவது எழுதுங்க, செய்முறை வேண்டாம், அது புத்தகத்துல இருக்கு" என்று சார் சொல்லி அனுப்பினார். அதனால் எத்தனை சொட்டு, எத்தனை டிகிரி என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

சார் என்றால் எங்கள் பேராசிரியர். வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு வளையத்தைச் சுற்றி வந்தவர். வளையத்தில் ஒரு நைட்ரஜன் இருக்கும் சேர்மங்களைத் தொகுத்துச் செய்வதுதான் அவருடைய வேலை. நியாசின் என்னும் வைட்டமினும் அந்த வகைதான். உடம்பில் நியாசின் போதுமான அளவு இருந்தால், தேவைக்கு மேல் இருப்பதன் மேல் உடம்பு மீதைல் என்னும் சிறு அணுத்தொகுதியை ஒட்டிச் சிறுநீரில் வெளியே அனுப்பிவிடும். வெளியே வரும் அந்தப் பொருளை அளந்தால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று ஊகிக்கலாம். அப்போது சேலத்தில் எங்களைத் தவிர யாரும் இதைச் செய்யவில்லை என்று நினைக்கிறேன். அதனால் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஐந்தாறு வருடத்துக்கு முன், எண்பதுகளின் தொடக்கம். மகப்பேறு விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய புதிது. மூத்த மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வருவேன். "பாட்டிலுக்குள்ள இருக்கறது கொதிச்சா ஓடுவா, புள்ள அளுதா காதுல விளாது" என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் காலையில் எனக்கு வெந்தயக் களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டியோடு தட்டில் வைத்துவிட்டுத்தான் அப்படிச் சொல்வார். பால் சுரக்க வேண்டும், இடுப்புக்குப் பலம் வேண்டும் என்று தினமும் களி. நானும் மறுக்காமல் சாப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில் எடப்பாடிப் பக்கத்துச் சுகாதார நிலையத்தின் டாக்டர் ஒரு பாட்டில் சிறுநீரும் ஒரு குறிப்பும் அனுப்பினார். இளைஞர். நெசவாளர் வீட்டு மருமகள் ஒருத்தி, பெயர் சரசு. முதல் குழந்தை பிறந்து சில மாதம் ஆகிறது. கழுத்தைச் சுற்றி அட்டிகை போட்டதுபோலத் தோல் கறுத்திருக்கிறது. புறங்கையும் பாதமும் வெந்து உரிகின்றன. நாக்கு ரத்தச் சிவப்பு. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போடும் வேலையில் தினமும் வெயிலில் நிற்பவள்; வெயில் படும் இடத்தில்தான் தோல் கெட்டிருக்கிறது. நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா என்று டாக்டருக்குச் சந்தேகம். வீட்டாருக்கோ வேறு சந்தேகம். அது பெருநோய், அதாவது தொழுநோய், என்று தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஊசியால் குத்திப் பார்த்து உணர்ச்சி இருக்கிறது, அந்த நோய் இல்லை என்று டாக்டர் சொன்னதை அவர்கள் பாதிதான் நம்பினார்கள். "இது சத்துக்குறைவு, யாருக்கும் ஒட்டாது. சேலத்துல பரிசோதனை பண்ணி எழுத்துல குடுப்பாங்க, அதுவரைக்கும் பொறுங்க" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். மாத்திரையைக்கூட அதற்காகவே நிறுத்தி வைத்திருந்தார். மாத்திரை கொடுத்துவிட்டால் சிறுநீரில் அந்தப் பொருள் பெருகிவிடும். குறைவு இருந்ததற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும்.

எல்லாம் எங்கள் ஒரு தாளில் வந்து நின்றிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

நாங்கள் செய்த முறை பழைய முறை. சிறுநீரைக் காரத்தோடு காய்ச்சி, நிறம் வரவைத்து அளப்பது. ஒப்பீட்டுக்கு நல்ல உடம்புக்காரர் ஒருவரின் சிறுநீர் வேண்டும். அன்று நான்தான் கிடைத்தேன். சரசுவின் பாட்டிலும் என் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் கொதித்தன. என்னோடு வேலை செய்த விஜயா மூக்கைச் சுருக்கினாள். குமாரபாளையத்துப் பெண், எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பாள்.

"ஏனுங்க்கா, ரெண்டு பாட்டிலும் ஒரே ஊட்டுச் சமையலாட்டம் மணக்குது?"

"சும்மா இரு. சார் காதுல விழப்போகுது."

"நெசமாத்தானுங்க்கா. கருப்பட்டிப் பாகு மாதிரி. சோறு போட்டாச் சாப்பிட்டுருவேன்."

சிரித்தோம். அளந்தோம். என் அளவு புத்தகத்தில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. பிள்ளை பெற்றவள் நன்றாகத் தேறியிருக்கிறேன் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது. சரசுவின் அளவு என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நம் அறிக்கைத் தாளில் அப்போது இரண்டே சொற்கள் அச்சிட்டிருக்கும்: குறைவு, இயல்பு. 'குறைவு' என்பதை அடித்துவிட்டு 'இயல்பு' என்பதை விட்டுவைத்தேன். தாள் தபாலில் போனது.

அடுத்த வாரம் டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"நீங்க நார்மல்னு எழுதிட்டீங்க. சத்து எல்லாம் சரியாத்தான் இருக்குன்னா அப்போ அது அந்த நோயேதான்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க சார். அந்தப் பொண்ணைப் பின்னாடி நூல் மூட்டை போடற ரூம்ல தனியா வெச்சிருக்காங்க. குழந்தை மாமியார்கிட்ட. டப்பாப் பால் குடுக்கறாங்க. இவளுக்குப் பால் கட்டி வலிச்சு, இப்போ வத்த ஆரம்பிச்சிருச்சு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "நம்பர் நம்பர்தான் டாக்டர். உங்க சந்தேகத்துக்காக நம்பரை மாத்த முடியாது."

"மாத்தச் சொல்லலை சார். ஆனா அந்த மாமியாரைப் பார்த்தா எனக்குக் குழப்பமா இருக்கு. கெட்டவங்க இல்லை. நான் முதல்ல சத்துக்குறைவுன்னு சொன்னப்போ சண்டைக்கு வந்தாங்க. மருமகளுக்குத் தினம் வெந்தயக் களி கிண்டிப் போட்டேன், எங்கே குறையும்னு கேட்டாங்க."

அந்த இடத்தில்தான் எனக்குத் தட்டியது. கருப்பட்டிப் பாகு மணம். இரண்டு பாட்டில்கள். ஒரே வீட்டுச் சமையல்.

எம்.எஸ்ஸி.யில் ட்ரைகோனெலின் படித்திருக்கிறேன். வெந்தயத்தில் கண்டெடுத்ததால், அந்தச் செடியின் லத்தீன் பெயரையே அதற்கு வைத்தார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதுவும் நைட்ரஜன் வளையம்தான். அதன் மேலும் ஒரு மீதைல் உண்டு. சாப்பிட்டால் சிறுநீரில் வரும். காரத்தில் காய்ச்சினால் நாங்கள் தேடும் பொருளோடு சேர்ந்து அதுவும் அதே நிறத்தைக் கொடுத்துவிடும். வைட்டமினின் மிச்சம் எது, களியின் மிச்சம் எது என்று எங்கள் முறைக்குத் தெரியாது. நாங்கள் அளந்தது சரசுவின் சத்தை அல்ல, அவள் மாமியாரின் களியை. ஒப்பீட்டுக்கு வைத்த என் பாட்டிலும் அதே களி. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே கல்லை வைத்து எடை பார்த்திருக்கிறோம்.

இதைச் சொன்னேன். சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சந்தேகம் ஆதாரம் ஆகாதும்மா. ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டு. ரெண்டு புள்ளியா என் கண்ணுல காட்டு. அன்னைக்கு அறிக்கையை மாத்தறேன்."

"அதுவரைக்கும் மாத்திரை குடுக்காம இருக்கணுமா?" என்றார் டாக்டர்.

"குடுத்தா அதுக்கப்புறம் எடுக்கற சாம்பிள் பாழ்" என்றார் சார்.

முதல் சாம்பிளில் மிச்சம் இல்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதையும் மூன்று முறை யோசிப்பவள். கேஸ் அணைத்தோமா என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து பார்ப்பவள். ஆனால் அன்று, சாரின் அனுமதியைக் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது.

"இப்பவே திரும்பிப் போங்க டாக்டர். அமிலம் போட்ட பழுப்பு பாட்டில் தர்றேன். முதல்ல சாம்பிள் எடுங்க. எடுத்த கையோட முதல் மாத்திரையைக் குடுங்க. அந்த ஒரு பாட்டில் போதும். எங்களுக்காக அந்தப் பொண்ணு இனிமேல் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்."

"கொட்டிட்டா? கெட்டுட்டா?" என்றார் சார். "இன்னொண்ணு கிடைக்காது."

"கொட்டாமப் பார்த்துக்கறேன் சார்."

இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாம்பிளுக்காக நோயாளியைக் காக்க வைக்கலாமா என்ற கேள்வி உங்களுக்கும் வரும். பெரும்பாலும் வரிசையை ஒழுங்கு பண்ணினாலே போதும், இரண்டையும் காப்பாற்றலாம். எங்களுக்கு அன்று அது தோன்றியது அதிர்ஷ்டம். தோன்றாமல் போயிருக்கவும் கூடும்.

பாட்டில் வந்தது. குளிர்பெட்டியில் வைத்தேன். இனி, பிரித்துக் காட்டுவதற்கு இரண்டு பொருளும் தூய்மையாக எங்கள் கையில் இருக்க வேண்டும். எந்தப் புள்ளி எது என்று ஒப்பிட வேறு வழியில்லை. ட்ரைகோனெலினை வெந்தயத்திலிருந்தே எடுத்தோம். நாத்தனாரிடம் ஒரு படி வெந்தயம் கேட்டபோது, "ஆராய்ச்சிக்கா? களிக்கு மிச்சம் வெச்சுட்டு எடு" என்றார். மற்றதை, அதாவது வைட்டமினின் மிச்சத்தை, நாங்களே தொகுக்க வேண்டும். வளையத்தில் மீதைலை ஒட்ட அதற்கு மீதைல் அயோடைடு வேண்டும்.

அது நாற்பத்திரண்டு டிகிரியில் கொதிக்கும். சேலத்துச் சித்திரை வெயில் என்ன என்பது உங்களுக்கே தெரியும். அலமாரிக்குள்ளேயே பாட்டில் பொங்கக் காத்திருக்கும். மூடியைத் திருகினாலே ஆவி சீறும். மூச்சிலும் ஏறும், தோலிலும் ஏறும், நரம்பைத் தாக்கும். தாய்ப்பாலில் வருமா என்று துறை நூலகத்தில் இருந்த எல்லாப் புத்தகத்தையும் புரட்டினேன். எதிலும் இல்லை. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் யாருக்கும் பால் கொடுக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது போலும்.

"நான் ஊத்தறேனுங்க்கா" என்றாள் விஜயா. "எனக்கென்ன, புள்ளையா குட்டியா?"

அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். எனக்கு ஆபத்து என்று நான் நினைப்பதை அவளிடம் தள்ளிவிட்டு, அவள் வயிற்றில் நாளை வரப்போவதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. தள்ளாமல் இருந்தால் என் மகள். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து இரண்டு நாள் போனது. மூன்றாவது நாள் டாக்டரிடமிருந்து ஆள் வந்தது. மாத்திரை வேலை செய்கிறது, நாக்கு ஆறுகிறது. ஆனால் குழந்தையைக் கொடுக்க மறுக்கிறார்கள், "மறையற மாதிரி காட்டும், மறுபடி வரும்" என்கிறார்கள், எழுத்தில் வேண்டும் என்கிறார்கள், பால் இன்னும் வற்றுகிறது.

நானே செய்வது என்று முடிவு செய்தேன். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால் புகைபோக்கி விசிறியை நம்பவில்லை. விடிந்தும் விடியாத வேளையில், வெயில் ஏறுவதற்கு முன், ஆய்வகத்தின் பின்தாழ்வாரத்தில், காற்று எனக்குப் பின்னாலிருந்து வீசும்படி நின்றுகொண்டேன். பனிக்கட்டிப் பாத்திரத்தில் பாட்டில். விஜயாவை எனக்குப் பின்னால், காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்க வைத்தேன். "நான் விழுந்தா மட்டும் வா" என்றேன்.

"விளுந்தா வராம, பாயாசம் குடிக்கவா போவேன்?" என்றாள். அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது நல்லதாகப் போயிற்று.

ஊற்றி மூடினேன். அன்று முழுவதும் மகளுக்குப் பால் கொடுக்கவில்லை. பீய்ச்சிச் சாக்கடையில் விட்டேன். நாத்தனார் பசும்பாலைக் காய்ச்சிச் சங்கில் புகட்டினார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்து அழுதது. அது போதுமா, இன்னும் ஒரு நாள் நிறுத்தியிருக்க வேண்டுமா, மறுநாள் கொடுத்தது சரியா? எனக்குத் தெரியாது. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாக இருக்கிறாள். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குழந்தை நன்றாக இருப்பது எதற்கும் நிரூபணம் ஆகாது.

படிகம் வெள்ளையாக வந்தது. சிறுநீர்த் துளி வைத்து, திரவம் ஏறும்போது பொருள்கள் தனித்தனியாகப் பிரியும் வடிதாள்களில் முதலாவது உப்பால் இழுபட்டுப் பாழானது. இரண்டாவது தாளைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தபோது சாரைக் கூப்பிட்டேன். என் சிறுநீர் ஓடிய கோட்டில் இரண்டு புள்ளிகள்: நீலமாக ஒளிர்வது வைட்டமினின் மிச்சம், கருநிழலாக நிற்பது வெந்தயம். சரசுவின் கோட்டில் கருநிழல் தடித்து நின்றது. நீலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் இல்லை.

சார் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"பழைய அறிக்கை தப்புன்னு எழுது. 'திருத்தம்'னு எழுதாதே. 'தப்பு'ன்னே எழுது. கையெழுத்து நான் போடறேன்." கொஞ்சம் தயங்கி, "தபால்ல போடாதே. நீயே கொண்டு போய்க் குடு" என்றார்.

அவர் எனக்குப் பாராட்டாக ஒன்றும் சொன்னதில்லை. அந்த 'தப்பு' என்ற சொல்லுக்குக் கீழே அவர் போட்ட கையெழுத்தைத்தான் பாராட்டாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எடப்பாடி போகும் வழியில் கொங்கணாபுரம் தாண்டும்போதே வெயில் உறைத்தது. டாக்டரும் நானும் அந்த வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. சரசுவின் கணவர் தறியை நிறுத்திவிட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்தார். மாமியார் ராமாயி குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்தார். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு.

"வாங்க அம்மிணி. எம்மருமவளுக்கு நாஞ் சோறு போடலைன்னு சேலத்து மிசினு சொல்லிருச்சுங்களா?"

"அப்படிச் சொல்லலைங்க. இந்த நோவு யாருக்கும் ஒட்டாதுன்னு சொல்லுது."

"அப்ப மொதல்ல வேற மாதிரி சொல்லுச்சே?"

"அது எங்க தப்புங்க. இதுல எழுதியிருக்கு."

சரசுவின் கணவர் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். 'தப்பு' என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சத்துக்குறைவு என்ற இடத்தில் ராமாயியின் முகம் மாறியது.

"எங்கூட்டுச் சட்டிய வந்து மோந்து பாருங்க. வெந்தயம் இன்னும் அடிக்குது. பெத்தவளுக்குச் செய்யற மொறை எல்லாம் செஞ்சேன். இந்தக் காயிதம் தெருவுக்குப் போனா, ராமாயி மருமவளப் பட்டினி போட்டான்னு அவ பொறந்த ஊட்டுக்காரங்க கூட்டங் கூட்டிருவாங்க. நாளைக்கி எம்பேரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். ராமாயி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நானு களி போட்டேன்னு அதுலயே எளுதிக் குடுங்க, சாமி. புள்ளைய இப்பவே அவ மடியில வெக்கறேன்."

"நான் சரசுவைப் பார்க்கணுங்க" என்றேன்.

பின்னறையில் நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் கறுப்பு விளிம்பில் உரிந்து, புதுத்தோல் எட்டிப் பார்த்தது. என்னைவிடச் சின்னப் பெண். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"களி போட்டாங்களா?"

"போட்டாங்க."

"வேற என்ன சாப்பிடுவே?"

"சோளச் சோறுங்க. கொளம்பு, ஆம்பளைங்க தின்னு மிஞ்சுனா. கடலை, முட்டையெல்லாம் தறியில உக்கார்றவங்களுக்குத்தான். அத்தையும் என்னையாட்டம் அதே சோளச் சோறுதானுங்க திங்கறாங்க." பிறகு அவசரமாக, "அதை எளுதிராதீங்க அக்கா. புள்ள கைக்கு வந்தாப் போதும். பால் போயிட்டிருக்குதுங்க" என்றாள்.

ராமாயி எழுதக் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை. கருநிழல் புள்ளி என் கண்ணால் பார்த்தது. அவள் வெந்தயம் உண்டாள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எது? ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதினால், அதற்குப் பக்கத்தில் நீலம் இல்லாத இடம் எதைச் சொல்கிறதோ அது மங்கிவிடும். எழுத மறுத்தால் குழந்தை அந்த இடுப்பிலேயே இருக்கும். திண்டாடிக்கொண்டு நிற்க நேரமில்லை.

சாரின் கையெழுத்துக்குக் கீழே என் கையால் எழுதினேன்: 'இவர் வெந்தயம் தவறாமல் உண்டு வந்திருக்கிறார் என்பது பரிசோதனையில் தெளிவாகத் தெரிகிறது.' என் பெயரைப் போட்டேன். டாக்டர் அதற்குக் கீழே, தினமும் கடலையும் முட்டையும் பாலும் இவருக்குத் தர வேண்டும் என்று எழுதினார். சரசுவின் கணவர் உரக்கப் படித்தார். ராமாயி என் வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

பிறகு பின்னறைக்கு அவரே நடந்து போனார். "இந்தா சரசு, புள்ள" என்றார். குழந்தை அம்மாவிடம் போகாமல் ராமாயியின் தோளைப் பற்றிக்கொண்டு வீறிட்டது. அவர் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். அவர் கண்ணிலும் நீர் இருந்தது; அதையும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

"பால் ஊறுமாங்க?" என்று சரசு என்னைக் கேட்டாள்.

"வாய் வைக்க விடும்மா, ஊறும்" என்றேன். அதற்கு என்னிடம் எந்தத் தாளும் இல்லை. ஊறியது என்று பிறகு டாக்டர் எழுதினார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுவரை எளிது. ஒப்பீட்டுக்கு யாரை எடுத்தாலும் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள், அவர் நீங்களே ஆனாலும். மூக்குக்கு ஏதாவது தட்டுப்பட்டால் சிரித்துவிட்டுப் போகாமல் எழுதி வையுங்கள். தப்பைத் தப்பு என்றே எழுதுங்கள், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இவை எல்லாம் எனக்கு உறுதியாகத் தெரியும்.

தெரியாதது போன வாரம் வீட்டுக்கே வந்தது. சரசுவின் அண்ணன். விலாசத்தை டாக்டரிடம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், தண்ணீர் குடித்தார்.

"எந்தங்கச்சிக்கு மறுபடி களுத்துல கறுக்குதுங்க. ரெண்டாவது உண்டாயிருக்கா. சோறு சரியில்லைன்னு நாங்க பேசப் போனா, அந்தக் கெளவி உங்க காயிதத்த எடுத்து நீட்டுது. 'சேலத்துல படிச்சவங்களே எளுதிக் குடுத்திருக்காங்க, நான் போட்டேன்னு.' எங்க வாய அடைச்சுப்போடுதுங்க. அவ ஊட்டுல சோறு போடலைன்னு நீங்க இன்னொரு காயிதம் எளுதிக் குடுங்க. பஞ்சாயத்துல வெக்கறோம்."

அவள் தட்டில் என்ன விழுந்தது என்பதை நான் பார்க்கவில்லை. நீலப் புள்ளி இல்லை என்று எழுதலாம். டாக்டர் எழுதிய வரியைத் திரும்ப எடுத்துக் காட்டலாம். போடவில்லை என்று எழுத எனக்கு உரிமை இல்லை. எழுதினால் கூட்டம் கூடும், பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள், பேரனை அந்த வீடு விடாது. மறுபடி ஒரு தாய் ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம். எழுதாவிட்டால் நான் எழுதிய உண்மையான வரியே அவள் வாயில் விழ வேண்டியதைத் தடுத்துக்கொண்டு நிற்கும். "தங்கச்சி என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "அவ ஒண்ணுஞ் சொல்லமாட்டேங்கறாளுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை எடப்பாடிக்குப் போகிறேன். பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவேன். நாத்தனார் வேண்டாம் என்கிறார், போவேன். மாத்திரை கொண்டுபோகிறேன், புதுப் பாட்டிலும் கொண்டுபோகிறேன். முதலில் பாட்டில், அடுத்த நிமிடம் மாத்திரை. சரசுவிடம் தனியாகப் பேசாமல் யாரிடமும் எதையும் கொடுக்கப் போவதில்லை. இவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராமாயியின் கையில் இருக்கும் அந்தத் தாளை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. திருப்பி வாங்குவதா, அதன் கீழே இன்னொரு வரி சேர்ப்பதா, சேர்த்தால் மாமியாரையும் அவமானப்படுத்தாமல் மருமகளையும் பட்டினி போடாமல் அந்த வரி எப்படி இருக்க வேண்டும்? நீங்கள் என்னைவிடப் புதிதாகப் படித்தவர்கள். உங்களில் சிலர் அதே மாதிரி வீடுகளில் மருமகளாக இருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எனக்கு எழுதி அனுப்புங்கள். சாரிடம் கொடுத்தால் வியாழக்கிழமை மாலைக்குள் என் கைக்கு வந்துவிடும்.